மகனுக்கு ‘ஆபத்து’, கணவருக்கு ‘இயல்பு’: அந்த அறிக்கையை எவ்வளவு நம்பலாம்?

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கடிதத்தின் சாரம் இதுதான்.

கணவருக்கு 47 வயது. நான்கு ஏக்கர் நிலம், குறுவையும் தாளடியும் போடுகிறார்கள். கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு எடை போடும் முறைக்காகக் காத்துக் கிடந்த இரவுகளில் நாலு பேரோடு சேர்ந்து தொடங்கிய குடி. இப்போது ஆறு வருடமாகத் தினமும் இரவு ஒரு குவார்ட்டர். வாரத்தில் இரண்டு நாளாவது காலையில் கை நடுங்குகிறது. டீ கிளாஸைத் தூக்க முடியாமல் திண்ணையிலேயே வைத்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து முதல் வாய் குடிக்கிறார். அந்த நாட்களில் ஒரு ‘கட்டிங்’ போட்டால்தான் வயலுக்குப் போக முடிகிறது. போன ஐப்பசியில் வாய்க்கால் மதகில் வண்டியோடு விழுந்து தோள்பட்டை எலும்பில் விரிசல்.

மகனுக்கு 19 வயது, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. கபடி, பைக், ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் பாலத்திலிருந்து குதிப்பது என்று துறுதுறுவென்று இருப்பவன். நண்பனின் அண்ணன் கல்யாணத்தில் ஒருமுறை பீர் குடித்ததை அவனே அம்மாவிடம் சொல்லியிருக்கிறான்.

உறவினர் ஒருவர் சொன்னதன் பேரில், அந்தச் சகோதரி இருவரையும் ஒரு தனியார் போதை மீட்பு மையத்துக்கு அழைத்துப் போனார். அங்கே ஐந்நூறுக்கும் மேற்பட்ட ‘சரி, தவறு’ கேள்விகள் கொண்ட ஆளுமைப் பரிசோதனை ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். கணவருக்கு வந்த முடிவு: ‘போதைப் பிரச்சினைக்கான அறிகுறி இல்லை, இயல்பு’. மகனுக்கு வந்த முடிவு: ‘அடிமையாகும் ஆளுமை, அதிக ஆபத்து’. மகனை மூன்று மாதம் தங்க வைத்தால் முளையிலேயே கிள்ளிவிடலாம் என்று மையத்தில் சொல்கிறார்களாம். அதற்கு நகையை அடகு வைக்க இந்தச் சகோதரி யோசித்துக்கொண்டிருக்கிறார். கணவரோ, “பாத்தியா, டெஸ்ட்டே சொல்லிருச்சு, எனக்கு ஒண்ணுமில்ல” என்று அறிக்கையைக் காட்டிக்கொண்டு திரிகிறார். போதாததற்கு, மகனின் முடிவை மையத்தார் கணவரின் அண்ணனிடம் போனில் சொல்லிவிட, அது ஊர் முழுக்கப் பரவிவிட்டது. பையன் கபடிக்குப் போவதை நிறுத்திவிட்டான். ஒரு நாள் ராத்திரி, “அப்போ நானும் அப்பா மாதிரிதான் ஆவேனாம்மா?” என்று கேட்டிருக்கிறான்.

அவருடைய கேள்விகள் நான்கு. அறிக்கையை நம்பலாமா? மகனை அங்கே சேர்க்கலாமா? கணவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் மருந்து கலக்கலாமா? மாலை போட்டால் ஒரு சொட்டுக்கூடத் தொடாதவரைக் குடிக்கு அடிமை என்று எப்படிச் சொல்வது?

சகோதரி, யோசித்து முடிவெடுக்க வேண்டியவற்றைப் பிறகு பார்ப்போம். இந்த வாரமே செய்யக்கூடாத மூன்று காரியங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நகையை அடகு வைக்காதீர்கள். கணவருக்குத் தெரியாமல் எந்த மருந்தையும் கொடுக்காதீர்கள். அவருடைய குடியை வீட்டிலேயே ஒரே நாளில் நிறுத்தவும் முயலாதீர்கள். மூன்றுக்கும் காரணம் கீழே இருக்கிறது.

அந்தப் பரிசோதனை எதை அளக்கிறது?

நீங்கள் அனுப்பிய அறிக்கையின் படத்தில் அளவுகோல்களின் பெயர்கள் தெளிவாகத் தெரிகின்றன. இது எம்எம்பிஐ, அதாவது மினசோட்டா பன்முக ஆளுமைப் பரிசோதனை. அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உருவாகி 1943ல் வெளிவந்தது; 1989ல் திருத்தப்பட்ட பதிப்பில் 567 வாக்கியங்கள். போலியான பரிசோதனை அல்ல. உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள், நானும் தேவைப்படும்போது பயன்படுத்துகிறேன். கோளாறு பரிசோதனையில் இல்லை, அதனிடம் கேட்ட கேள்வியில் இருக்கிறது.

உங்கள் மகனின் பக்கத்தில் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறார்களே, அது மெக்ஆண்ட்ரூ அளவுகோல், அதாவது அத்தனை வாக்கியங்களில் குறிப்பிட்ட சிலவற்றுக்குச் சொன்ன பதில்களை மட்டும் கூட்டி எடுக்கும் எண். 1965ல் மெக்ஆண்ட்ரூ என்ற உளவியலாளர் இதை எப்படி உருவாக்கினார் என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். குடிநோய்க்குச் சிகிச்சைக்கு வந்த ஆண்களின் பதில்களையும், குடிப்பழக்கம் இல்லாமல் வேறு மனநலச் சிக்கலுக்காக வந்த ஆண்களின் பதில்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார். இரு தரப்பும் மாறுபட்டுப் பதில் சொன்ன வாக்கியங்கள் 51. அவற்றில் குடியைப் பற்றி நேரடியாகப் பேசிய இரண்டை வேண்டுமென்றே நீக்கினார். மீதி 49. அதாவது, ஒருவர் குடிக்கிறாரா என்று இந்த அளவுகோல் கேட்பதே இல்லை. குடியை மறைக்கிறவரையும் மறைமுகமாகக் கண்டுபிடித்துவிடலாம் என்பதுதான் அன்றைய நம்பிக்கை.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பின்னால் வந்த ஆய்வுகளில் தெரிந்தது என்ன? இந்த எண் பெரும்பாலும் காட்டுவது ஒருவரின் துணிச்சலையும், பரபரப்பில் இருக்கும் நாட்டத்தையும், கூட்டத்தோடு கலந்து பழகும் குணத்தையும், விதியை மீறிப் பார்க்கும் துடிப்பையும்தான். குடிக்கிறவர்களில் பலருக்கு இவை இருக்கலாம். கபடி ஆடி, பைக் ஓட்டி, தண்ணீர் வந்த அன்றைக்கே பாலத்திலிருந்து குதிக்கிற பையனுக்கும் இருக்கும். உங்கள் மகனின் எண் ஏன் கூடியது என்பதற்கு உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது.

இன்னொன்று. எந்த ஊரில், எப்படிப்பட்ட மக்களிடம் கேட்டு ‘இதற்கு மேல் போனால் அதிகம்’ என்ற எல்லையை நிறுத்தினார்கள் என்பது எந்த உளவியல் பரிசோதனைக்கும் உயிர்நாடி. அமெரிக்க மக்களை வைத்து நிறுத்திய எல்லையை டெல்டாவில் கல்லூரிக்குப் போகும் பத்தொன்பது வயதுப் பையனுக்கு அப்படியே போட்டுப் பார்ப்பதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். உங்களுக்குக் கொடுத்த அறிக்கையில் அந்த எச்சரிக்கை ஒரு வரி கூட இல்லை. கணினி கொடுத்த படத்துக்கு அடியில் யாரோ ஒருவர் இரண்டு வாக்கியம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

கணவருக்கு ஏன் ‘இயல்பு’ என்று வந்தது?

இதே பரிசோதனையில் 1992ல் சேர்க்கப்பட்ட இன்னொரு அளவுகோல் உண்டு. அது மறைமுகமாகச் சுற்றி வராது. போதையைப் பற்றி நேராகவே கேட்கும். ஆனால் பதில் எழுதுகிறவர் தானே ஒப்புக்கொண்டால்தான் எண் ஏறும். “எனக்குக் குடியால் எந்தப் பிரச்சினையும் இல்லை” என்று மனதார நம்புகிற மனிதர், அல்லது பக்கத்தில் மனைவி உட்கார்ந்திருக்கும்போது பேனா பிடிக்கிற மனிதர், என்ன பதில் போடுவார்? எண் கீழேதான் இருக்கும். அதற்குப் பெயர் ‘இயல்பு’ என்றால், உண்மையைச் சொல்பவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். உங்கள் வீட்டில் நடந்தது அதுதான்.

மெக்ஆண்ட்ரூ அளவுகோலும் உங்கள் கணவரைப் பிடிக்காமல் விட்டதில் வியப்பில்லை. உங்கள் எழுத்திலிருந்து பார்த்தால் அவர் அதிகம் பேசாதவர், கடனுக்குப் பயப்படுகிறவர், மழை வந்தால் நெல் நனைந்துவிடுமே என்று தூங்காமல் கிடப்பவர். கவலையை அமுக்கக் குடிக்கிறவர்களை அந்த அளவுகோல் தவறவிடும் என்பதை மெக்ஆண்ட்ரூவே பிற்பாடு எழுதியிருக்கிறார்.

ஒரு சின்னக் கணக்கு

பேச்சுக்கு, ஒரு கல்லூரியில் 19 வயதுப் பையன்கள் 100 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் 5 பேருக்கு உண்மையிலேயே போதைப் பிரச்சினை இருக்கிறது. பரிசோதனை நல்ல பரிசோதனைதான்: பிரச்சினை உள்ள ஐவரில் நால்வரைச் சரியாகப் பிடிக்கிறது. பிரச்சினை இல்லாதவர்களில் ஐந்துக்கு ஒருவரை மட்டும் தவறாகப் பிடிக்கிறது. அப்படியானால் மீதி 95 பேரில் 19 பேர் மாட்டுவார்கள். ஆக ‘ஆபத்து’ என்று வட்டம் போடப்படுகிறவர்கள் 23 பேர். அந்த 23 பேரில் உண்மையான பிரச்சினை உள்ளவர்கள் 4 பேர்தான். மற்ற 19 வீடுகளிலும் உங்களைப் போல ஒரு தாய் நகைப்பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார். எண்கள் நான் விளக்கத்துக்காகப் போட்டவை. ஆனால் குறைவாக உள்ள ஒரு பிரச்சினையை எல்லோரிடமும் தேடும்போது கணக்கு இப்படித்தான் போகும், எந்தப் பரிசோதனையானாலும்.

‘அடிமையாகும் ஆளுமை’ என்று ஒன்று உண்டா?

எல்லோரும் சொல்கிறார்கள், அதனால் இருக்கும் என்று நினைக்கிறோம். நோய்களை வகைப்படுத்தும் எந்த அதிகாரபூர்வப் பட்டியலிலும் அப்படி ஒரு நோய் கிடையாது. அமெரிக்க மனநல மருத்துவர் ஜார்ஜ் வேலன்ட், இளமையிலிருந்து பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்ட ஆண்களின் பதிவுகளை ஆராய்ந்து 1983ல் முடிவுகளை வெளியிட்டார். குடிநோய்க்கு ஆளான பிறகு பார்த்தால் அந்த மனிதர்கள் சோர்ந்தவர்களாக, பொறுப்பற்றவர்களாக, பிறரைச் சார்ந்தவர்களாகத் தெரிந்தார்கள். குடிக்கத் தொடங்குவதற்கு முந்தைய பதிவுகளைப் புரட்டினால் அந்தக் குணங்கள் அப்படி இல்லை. பல நேரம் குணம் கெட்டதால் குடி வரவில்லை, குடியால்தான் குணம் கெட்டது.

இதை என் அறையில் நான் தினமும் பார்க்கிறேன். தொடர்ந்து குடித்துக்கொண்டிருக்கும்போதோ, நிறுத்திய முதல் சில நாட்களிலோ ஆளுமைப் பரிசோதனை செய்தால் பதற்றமும் மனச்சோர்வும் ஏகத்துக்கு ஏறியிருக்கும். இரண்டு மூன்று வாரம் குடிக்காமல் இருந்த பிறகு அதே மனிதரிடம் பேசினால் வேறு ஆளாகத் தெரிவார். ஆகவேதான் குடியின் சூட்டில் எடுத்த முடிவை வைத்து யாருக்கும் முத்திரை குத்தக்கூடாது என்கிறோம்.

அதற்காகக் குணத்துக்கும் போதைக்கும் தொடர்பே இல்லை என்றும் சொல்லமாட்டேன். முன்பின் யோசிக்காமல் இறங்கிவிடும் குணம், பரபரப்பைத் தேடும் குணம், பதற்றத்தைத் தாங்க முடியாமை, நம்பிக்கையின்மை ஆகிய நான்கும் ஆபத்தைக் கொஞ்சம் கூட்டுகின்றன. பாட்ரீசியா கான்ராட் என்ற உளவியலாளர் இந்த நான்கை வைத்தே பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு தடுப்புத் திட்டத்தை உருவாக்கி, பல நாடுகளில் சோதித்துப் பலன் கண்டிருக்கிறார். அங்கே ‘பரபரப்பைத் தேடுகிறவன்’ என்று தெரிந்த பிள்ளையை என்ன செய்கிறார்கள் தெரியுமா? யாரையும் அடைத்து வைப்பதில்லை. அந்தக் குணத்தை எப்படிக் கையாளுவது என்று ஓரிரு அமர்வுகளில் பேசிப் பழக்குகிறார்கள், வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். நாற்றங்காலைப் பார்த்து உரம் போடலாம், தண்ணீர் கட்டலாம். இத்தனை மூட்டை காணும் என்று ரசீது எழுத முடியாது.

கணவரிடம் கேட்க வேண்டியது பத்தே கேள்விகள்

குடிப் பிரச்சினை இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் குடியைப் பற்றித்தான் கேட்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் அதற்கென்றே பத்துக் கேள்விகளை வகுத்திருக்கிறது. ‘ஆடிட்’ என்று பெயர். மொத்தம் 40 மதிப்பெண். 8 வந்தாலே கவனிக்க வேண்டிய குடி, 20ஐத் தொட்டால் நிபுணரிடம் அனுப்ப வேண்டும்.

உங்கள் கடிதத்தில் உள்ளதை மட்டும் வைத்துக் கூட்டிப் பார்த்தேன். முதலில் அளவு. ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. நம் கடைகளில் விற்கும் பிராந்தியில் ஆல்கஹால் 42.8 விழுக்காடு. கணக்குப் போட்டால் ஒரு குவார்ட்டரில் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால். உலக சுகாதார நிறுவனம் 10 கிராமை ஓர் அளவு என்று வைக்கிறது. “ஒரு குவார்ட்டர்தானே” என்று உங்கள் கணவர் சொல்வது ஒவ்வோர் இரவும் ஆறு அளவு.

தினமும் குடிப்பதற்கு 4. ஒரு நாளில் ஆறு அளவு குடிப்பதற்கு 2. ஆறோ அதற்கு மேலோ குடிப்பது தினமும் நடப்பதற்கு 4. மூன்று கேள்வியிலேயே 10 ஆகிவிட்டது. வீட்டார் கவலைப்பட்டுக் குறைக்கச் சொன்னதற்கு 4. குடியால் இந்த ஒரு வருடத்துக்குள் அடிபட்டதற்கு 4. வாரந்தோறும் காலையில் குடித்தால்தான் வேலைக்குப் போக முடிவதற்கு 3. ஆக 21. இன்னும் நான்கு கேள்விகளை நான் தொடவே இல்லை. 567 வாக்கியங்களுக்குக் கிடைக்காத பதில் இங்கே ஆறு கேள்வியில் வந்துவிட்டது.

மதிப்பெண்ணைக்கூட விடுங்கள். அந்த டீ கிளாஸ் போதும் எனக்கு. இரவு குடித்தது காலையில் வற்றியதும் உடம்பு நடுங்குகிறது, மறுபடி ஊற்றினால் நிற்கிறது என்றால் உடம்பு ஆல்கஹாலுக்குப் பழகிப்போய்விட்டது. இதை எந்த ஆளுமைப் பரிசோதனையும் மாற்றிச் சொல்ல முடியாது. தேவைப்பட்டால் கல்லீரல் சம்பந்தப்பட்ட ரத்தப் பரிசோதனைகளையும் டாக்டர் எழுதித் தருவார்.

மாலை போட்டால் நிறுத்திவிடுகிறாரே?

நம் பக்கத்தில் இதை அடிக்கடி கேட்கிறேன். கார்த்திகையில் மாலை, அல்லது கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு சத்தியம். அந்த நாட்களில் அவர் குடிக்காமல் இருப்பது உண்மை, அதற்குப் பின்னால் இருக்கும் பக்தியும் மன உறுதியும் உண்மை. சிகிச்சைக்கு அவை பெரிய துணை, இழந்துவிடக் கூடாது. ஆனால் மாலையைக் கழற்றிய ராத்திரியே பழைய அளவுக்குப் போய்விடுகிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சில வாரம் நிறுத்த முடிவது நோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது. நிறுத்தியதை நீடிக்க முடியவில்லை என்பதுதான் இங்கே செய்தி.

இதில் உயிருக்கே ஆபத்தான ஒரு விஷயம் இருக்கிறது. தினமும் இந்த அளவு குடித்து, காலை நடுக்கமும் வந்துவிட்டவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் குழப்பம், இல்லாத உருவங்கள் தெரிவது, வியர்வை, காய்ச்சல் என்று போய் உயிரே போகலாம். மாலை போட்ட மூன்றாம் நாள் வலிப்பு வந்து, சாமி குத்தம் என்று பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வரும் குடும்பங்களை நான் பார்க்கிறேன். போன வருடம் ஒன்றும் ஆகவில்லை என்பதால் இந்த வருடமும் ஆகாது என்று சொல்ல முடியாது. நடுக்கம் தொடங்கிய பிறகு நிலைமை வேறு. இந்தக் கார்த்திகைக்கு அவர் மாலை போடுவதென்றால் தாராளமாகப் போடட்டும். அதற்கு முந்தைய வாரம் மருத்துவமனையில் டாக்டர் கண்காணிப்பில் முறையாகக் குடியை நிறுத்தி, உடம்பிலிருந்து இறக்கிவிட்டுப் போடட்டும்.

சாப்பாட்டில் மருந்து கலப்பது

வேண்டவே வேண்டாம். ‘குடியை மறக்கடிக்கும் சொட்டு மருந்து’ என்று விற்பவற்றில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, விற்கிறவருக்கும் பல நேரம் தெரியாது. சிலர் டைசல்ஃபிராம் மாத்திரையைப் பொடித்துக் கலக்கிறார்கள். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரிந்துவிடும். இதயமோ கல்லீரலோ பழுதானவருக்கு மரணம் வரை போகும். தெரிந்து சாப்பிடுகிறவர் குடிக்காமல் தன்னைக் காத்துக்கொள்வார். தெரியாமல் சாப்பிடுகிறவர் அன்று இரவும் குவார்ட்டரைத் திறப்பார். நோயாளியின் சம்மதமில்லாமல் அதைக் கொடுக்கக் கூடாது என்பது மருத்துவ விதி. குடிக்கும் ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் இருக்கின்றன. அவருடைய கல்லீரலையும் சிறுநீரகத்தையும் பார்த்து டாக்டர் தேர்ந்தெடுப்பார்.

மகனை அங்கே சேர்க்கலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

2018 மே மாதத்திலிருந்து நடைமுறையில் உள்ள 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், மது, போதைப் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைகளையும் தன் வரம்புக்குள் கொண்டுவருகிறது. உங்களுக்குப் பயன்படும் சில செய்திகளை மட்டும் சொல்கிறேன்.

உங்கள் மகன் வயது வந்தவன். அவன் சம்மதமில்லாமல் சேர்ப்பதற்கு 89ஆம் பிரிவு கடுமையான நிபந்தனைகள் வைத்திருக்கிறது. ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மருத்துவரோ மனநல நிபுணரோ தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும். தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யும் நிலையில், அல்லது தன்னைப் பார்த்துக்கொள்ளவே முடியாத நிலையில் இருக்க வேண்டும். அப்படியும் முதலில் 30 நாள்தான். ஒருமுறை பீர் குடித்ததும் ஒரு ஆளுமை எண்ணும் இதில் எதற்குள்ளும் வராது. ‘பெற்றோர் கையெழுத்துப் போட்டால் போதும்’ என்று மையத்தார் சொன்னது தவறு.

அறிக்கையை உங்கள் கணவரின் அண்ணனிடம் சொன்னது 23ஆம் பிரிவின்படி ரகசியத்தை மீறிய செயல். 25ஆம் பிரிவின்படி மகன் தன் மருத்துவப் பதிவுகளைக் கேட்டுப் பெறலாம். எழுத்து மூலம் கேட்கச் சொல்லுங்கள். கூடவே இரண்டு கேள்விகளையும் கேளுங்கள்: மாநில மனநல ஆணையத்தில் மையம் பதிவு செய்திருக்கிறதா, பரிசோதனைக்கு விளக்கம் எழுதியவர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரா, பதிவு எண் என்ன. பதில் வரவில்லை என்றால் அதுவே ஒரு பதில். மனநல மறுஆய்வு வாரியத்தில் புகார் செய்யவும் வழி இருக்கிறது. ஊரில் ஏற்கெனவே பேச்சு கிளம்பிவிட்ட நிலையில் இதை இப்போதே கையில் எடுப்பதா என்று மகனைக் கேட்டு முடிவு செய்யுங்கள். அது அவனுடைய ரகசியம், முடிவும் அவனுடையது.

மகனிடம் என்ன சொல்வது?

அவன் கேட்ட கேள்விதான் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது. அதற்கு அவனுக்கு உண்மையான பதில் வேண்டும், சமாதானம் வேண்டாம். இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளின்படி, குடிநோய் யாருக்கு வருகிறது என்பதில் ஏறக்குறைய பாதிப் பங்கு பரம்பரைக்கு. ஆகவே அப்பா குடிப்பது அவனுக்குக் கூடுதல் ஆபத்துதான். மெக்ஆண்ட்ரூ எண்ணைவிட எனக்கு முக்கியமான தகவலும் அதுதான். ஆனால் குடிக்கிறவர்களின் பிள்ளைகளில் பெரும்பாலோர் குடிநோயாளிகள் ஆவதில்லை. “உனக்கு மத்தவங்களை விடக் கொஞ்சம் கூடுதல் கவனம் வேணும்டா, எவ்வளவு தள்ளிப் போடுறியோ அவ்வளவு நல்லது. நீ அப்பா ஆகிடுவேன்னு யாரும் எழுதி வைக்கல” என்று நேராகச் சொல்லுங்கள். பீர் குடித்ததைத் தானாக வந்து அம்மாவிடம் சொன்ன பிள்ளை அவன். அந்த வாசல் திறந்தே இருக்க வேண்டும். அறிக்கை வந்த பிறகு அவனுடைய பையைச் சோதித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

கபடிக்குத் திரும்ப அனுப்புங்கள். துடிப்பான பிள்ளையிடமிருந்து அந்தத் துடிப்புக்கான இடத்தைப் பறித்தால்தான் ஆபத்து. தொடர்ந்து தூக்கம் கெடுவது, காசு காணாமல் போவது, பழைய நண்பர்களை விட்டு விலகுவது, வலி மாத்திரையோ கஞ்சாவோ உதட்டில் ஒதுக்கும் புகையிலையோ தட்டுப்படுவது போன்றவை வந்தால் அப்போது பேச வேண்டும். இப்போது அவனிடம் தெரிவது அவமானமும் பயமும். இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாடு, தூக்கம், கல்லூரி எதுவும் சரியாகவில்லை என்றால் அதற்காக ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள், போதைக்காக அல்ல.

கணவரை எப்படி அழைத்துப் போவது?

இரவு அவர் குடித்துவிட்டு வந்ததும் பேசாதீர்கள், எவ்வளவு நியாயமான பேச்சானாலும் அது சண்டையில்தான் முடியும். குடிக்காத ஒரு காலை நேரத்தில், பிள்ளைகள் இல்லாதபோது, அறிக்கையைப் பற்றி வாதம் செய்யாமல், “கை நடுங்குறது எனக்குப் பயமா இருக்கு, அதை மட்டும் டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துருவோம்” என்று சொல்லிப் பாருங்கள். குடிகாரன் என்ற பட்டத்தை ஏற்காதவர்கள்கூடக் கை நடுக்கத்துக்கு வைத்தியம் பார்க்க வருவார்கள். பல பேர் எங்களிடம் முதல் முறை வருவது அப்படித்தான்.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசு மருத்துவமனை என்பதால் நகைக்கு வேலை இல்லை. உங்களுக்குத் திருவாரூர் பக்கம். குடியை இறக்கும் முதல் கட்டம் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். அதன் பிறகு மாதக்கணக்கில் தொடர் சந்திப்புகள்தான் உண்மையான சிகிச்சை. குறுவை அறுவடைக்கும் தாளடி நடவுக்கும் நடுவில் ஒரு வாரம் கிடைத்தால் போதும், தொடங்கிவிடலாம். அவர் வர மறுத்தால் முதலில் நீங்கள் மட்டும் போய்ப் பேசுங்கள், அதற்குத் தடை ஒன்றும் இல்லை. போனில் பேச வேண்டுமானால் போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416. இரண்டும் இலவசம். அவர் கை நீட்டியதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். என்றைக்காவது அந்த நிலை வந்தால் 181ஐ அழையுங்கள், தயங்க வேண்டாம்.

சிகிச்சை தொடங்கி, அவர் சில வாரம் குடிக்காமல் இருந்த பிறகு, கவலையை எப்படித் தாங்குகிறார், மனச்சோர்வு உள்ளே இருக்கிறதா என்று பார்க்க டாக்டரே ஓர் ஆளுமைப் பரிசோதனை சொல்லலாம். அப்போது மறுக்காதீர்கள். அந்த நேரத்தில், தெரிந்தவர் கையில், அது நல்ல கருவி.

அதற்கு முன்பே, அவர் ஏதோ காரணத்தால் ஒரு நாள் குடிக்காமல் போய், வலிப்போ, பிதற்றலோ, ஆள் அடையாளம் தெரியாத நிலையோ வந்தால் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். பக்கத்துக் கிளினிக்கில் வெறும் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். நாள்பட்டுக் குடிக்கிறவருக்குத் தயாமின் என்ற வைட்டமின் ஊசி போடாமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். எந்த டாக்டரிடம் போனாலும், “தினமும் ஒரு குவார்ட்டர் குடிக்கிறவர், கடைசியாகக் குடித்தது இந்த நேரத்தில்” என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள்.